ஒரே இரவில் 900 கிராம் கூடியிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடலாமா?

கரையோரம் | மார்ச் 3, காலை 6:52

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. இதயச் செயலிழப்பு என்று சொல்லி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப். 30 சதவீதம் என்று வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்குதான் அது.

கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் எடை பார்க்கவும், உப்பைக் குறைக்கவும், தண்ணீரை அளந்து குடிக்கவும், நடக்கவும், மாத்திரையை விடக்கூடாது. அவ்வளவுதான் இருக்கிறது. எதற்காக எடை, எவ்வளவு கூடினால் பயப்பட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

நேற்றுக் காலை 61.4 கிலோ. இன்று 62.3. கால் வீங்கவில்லை, மூச்சும் நேற்றைப் போலத்தான் இருக்கிறது. நேற்று இரவு வெளியே சாப்பிட்டோம். இதற்குப் போய்க் கூப்பிட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. கூப்பிடாமல் விட்டால் மறுபடி அந்த இரவு வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. படுக்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே விடிய விடிய மூச்சுக்குத் தவித்தேன். இன்னொரு தடவை அதைத் தாங்க மாட்டேன்.

ஒன்பதாம்படி | மார்ச் 3, காலை 7:15

தங்கச்சி, முதலில் உட்காருங்கள். எனக்கு 68 வயது, இந்த நோயோடு ஒன்பது வருடமாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த இரவு எனக்கும் வந்திருக்கிறது, மூன்று முறை. மூன்றாவது முறைக்கு அப்புறம்தான் எடையைப் புரிந்துகொண்டேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரே இரவில் 900 கிராம் கொழுப்பு ஏறாது. கூடியிருப்பது உடம்பில் தங்கிய நீர்தான், இல்லையென்றால் நேற்றைய சாப்பாடு இன்னும் வயிற்றில் இருக்கிறது. இதயம் சரியாகத் தள்ளாதபோது கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கிட்னி அதை உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் பெரும்பாலும் முதலில் எடையில் தெரியும், பல நாள் கழித்துத்தான் காலிலும் மூச்சிலும் தெரியும். கணுக்கால் வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் சில கிலோ நீர் சேர்ந்திருக்கும். நான் மூன்று முறையும் அப்படித்தான் காத்திருந்தேன்.

அப்புறம், எடை மெஷின் எந்தத் தரையில் இருக்கிறது? என்னுடையது ஆறு மாதம் விரிப்பின் மேல் இருந்தது. ஒரு நாள் ஒன்றரைக் கிலோ காட்டிப் பதறினேன். வெறும் தரைக்கு மாற்றியதும் அடங்கியது. எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் குடிக்காமல், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் பாருங்கள். மாலையில் திரும்பப் பார்க்காதீர்கள், பகலில் எல்லோருக்கும் எடை ஏறும்.

வெள்ளைப்புறா | மார்ச் 3, காலை 8:40

இதயச் செயலிழப்பு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. பொதுவாக நாங்கள் சொல்லிக்கொடுப்பதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், ஒன்றரைக் கிலோவை நெருங்கிக் கூடினால் கூப்பிட வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலும் கூப்பிட வேண்டும். ஒரு வாரமாக மெதுவாக ஏறி இரண்டு கிலோவைத் தாண்டினாலும் அப்படியே. இடத்துக்கு இடம் இந்த எண் கொஞ்சம் மாறும், ஆகவே உங்கள் எண் எது என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீர் தங்காமல் இருக்கும்போது உங்களுக்கு இருக்கும் எடையையும் கேளுங்கள், அதை உலர் எடை என்போம். நேற்றைய எடையோடு மட்டும் ஒப்பிட்டால் தினமும் 300 கிராம் ஏறுவது கண்ணில் படாது. உலர் எடையோடு ஒப்பிட்டால் பட்டுவிடும்.

இன்று உங்களுக்கு 900 கிராம். அறிகுறி எதுவும் இல்லை, வெளியே சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை அதிகம் வருவது இந்த முதல் சில வாரங்களில்தான். இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மார்ச் 3 காலையில் வரும் போன் எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அதே ஆள் மார்ச் 9 நள்ளிரவு ஆம்புலன்ஸில் வந்தால் அவருக்கு ஒரு வாரம் கட்டில்.

எடை மட்டும் போதாது. சிலருக்கு எடை ஏறாமலே நிலை மோசமாகும். ஒரு தலையணையில் தூங்கியவருக்கு இரண்டு தேவைப்பட்டால், இரவில் மூச்சு முட்டி எழுந்தால், படுத்ததும் வறட்டு இருமல் வந்தால், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால், நேற்று நின்று செய்த வேலையை இன்று உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தால், எடை எதுவாக இருந்தாலும் கூப்பிடுங்கள். எடை வேகமாக இறங்கி, எழும்போது தலை சுற்றினாலும் கூப்பிடுங்கள். உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை தேவைக்கு மேல் வேலை செய்திருக்கலாம்.

உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, மயக்கம், நுரையாக இளஞ்சிவப்புச் சளி, இவற்றுக்குக் கிளினிக்கைக் கூப்பிடக் கூடாது. நேரே ஆம்புலன்ஸ்.

கரையோரம் | மார்ச் 3, மாலை 5:20

கூப்பிட்டேன். ஐந்து நிமிடம்தான் பேசினார்கள். மாத்திரையில் மாற்றம் இல்லை, நாளையும் மறுநாளும் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். என் உலர் எடை 61 என்றும், 63-ஐத் தொட்டால் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார்கள். நோட்டில் எழுதிவிட்டேன். காலையில் இருந்த நடுக்கம் இப்போது இல்லை, சிஸ்டர்.

கரையோரம் | மார்ச் 5, காலை 7:04

நேற்று 61.9, இன்று 61.5. உப்பாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டில் உப்பே போடாமல் சமைக்கத் தொடங்கியிருக்கிறோம், இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரையும் பயந்து பயந்து குடிக்கிறேன். எவ்வளவுதான் குறைக்க வேண்டும்?

தேன்சிட்டு | மார்ச் 5, காலை 9:31

அக்கா, நான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு 76. முதல் மாதம் நானும் உங்களைப் போல உப்பே இல்லாமல் சமைத்தேன். அப்பா மூன்று கிலோ இளைத்தார். நீர் வற்றி இளைக்கவில்லை, சாப்பிடாமல் இளைத்தார். கிளினிக்கில் என்னைத்தான் உட்கார வைத்துப் பேசினார்கள். இந்த நோயில் சதை கரைவதும் ஆபத்து, உப்புக்குப் பயந்து சாப்பாட்டையே குறைக்காதே என்றார்கள்.

எங்களுக்குச் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள். குவிக்காமல் சமமாக எடுத்தால் ஒரு தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்வதும் இதே அளவுதான். இன்னும் இறுக்கிப் பிடித்தால் கூடுதல் பலனா என்று ஒரு ஆய்வு நடந்தது. ஆறு நாடுகளில் 806 நோயாளிகள், முடிவு 2022-இல் வெளிவந்தது. சோடியத்தை 1500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுபோக முயன்றவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் சேர்வதோ இறப்போ குறையவில்லை. வாழ்க்கைத் தரம் மட்டும் கொஞ்சம் மேம்பட்டது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் அந்த 5 கிராமுக்குள் நிற்பதே லேசான காரியம் இல்லை. அடுப்பில் போடும் உப்பு நம் கையில் இருக்கிறது. பொட்டலத்தில் வருவதுதான் ஏமாற்றும். ரொட்டி, சீஸ், பொட்டலச் சூப், சாஸ், டப்பாவில் அடைத்த இறைச்சி, உப்பில் ஊறவைத்த எதுவும். ரொட்டி நாக்குக்கு உப்பாகவே தெரியாது, ஆனால் நாலு துண்டு சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. எத்தனை கிராம் தின்பண்டத்துக்கு அந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை.

நாங்கள் இப்போது செய்வது: காலையில் அன்றைக்கான உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுவோம். சமையலுக்கு அதிலிருந்து மட்டும்தான். கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். புளிப்பும் மிளகும் பூண்டும் கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறோம். சில வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது அப்பாவே வெளியில் சாப்பிட்டால் கரிக்கிறது என்கிறார்.

பனிமூட்டம் | மார்ச் 5, காலை 10:12

எளிய வழி இருக்கிறதே. சோடியம் குறைந்த உப்பு என்று தனியாக விற்கிறார்கள். சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை. என் மனைவிக்குப் பிரஷர், இரண்டு வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறோம். கரையோரமும் அதற்கு மாறிவிடலாம்.

வெள்ளைப்புறா | மார்ச் 5, காலை 10:20

கரையோரம், தயவுசெய்து அதை வாங்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் அது நல்லதுதான். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைப்பவை. ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன், பெயர் ‘-பிரில்’ என்றும் ‘-சார்டான்’ என்றும் முடிபவை எல்லாம் அந்த வகை. அதற்கு மேல் இந்த உப்பையும் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே அளவு ஏறியிருக்கும். இதற்காகத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம்.

பனிமூட்டம் | மார்ச் 5, காலை 10:47

சிஸ்டர், இது எனக்குத் தெரியாது. மன்னிக்கவும். மனைவி எடுப்பதும் சார்டான் வகை மாத்திரைதான். இன்றே டாக்டரிடம் கேட்கிறேன்.

ஒன்பதாம்படி | மார்ச் 5, பகல் 12:30

கேட்பது நல்லது தம்பி. பிரஷருக்கு அது சரி என்று அவரே சொல்லலாம், ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தங்கச்சி தண்ணீரைக் கேட்டிருந்தார். என் காலத்தில் ஒன்றரை லிட்டர் என்று எல்லோருக்கும் ஒரே அளவாகச் சொல்லிவிட்டார்கள். நான் அளவுக் குடுவையில் காலையில் ஊற்றி வைத்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கே தீர்ந்துபோய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்தக் கட்டாயம் தளர்ந்து வருகிறது. நெதர்லாந்தில் 504 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. நிலை சீராக இருப்பவர்கள் ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டதற்கும் தாகத்துக்குக் குடித்ததற்கும் உடல்நிலையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அளந்து குடித்தவர்களுக்குத் தாகத் தொல்லைதான் அதிகம். என் டாக்டர் அதற்கப்புறம் தாகத்துக்குக் குடியுங்கள், வம்புக்குக் குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் இது எனக்கு. நீங்கள் இப்போதுதான் நீர் தங்கி வெளியே வந்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும் இன்னமும் அளவு உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அளவு உண்டு என்றால் சூப், பால், காபி, பழச்சாறு எல்லாம் அதில் அடக்கம். சின்ன டம்ளரில் குடியுங்கள், வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் எனக்கு இருபது நிமிடம் தாங்கும்.

நடைவண்டி | மார்ச் 8, இரவு 9:55

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 38 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தசை விரிந்துவிட்டது என்றார்கள், இ.எஃப். 25. இப்போது 52. எனக்கு ஒன்றுமே இல்லை, மாடிப்படி ஏறுகிறேன், வேலைக்குப் போகிறேன். தினமும் ஏழு மாத்திரை. சரியாகிவிட்டதென்றால் மெல்ல நிறுத்திப் பார்க்கலாம் அல்லவா? போன வாரம் இரண்டு நாள் எடுக்கவில்லை, எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வெள்ளைப்புறா | மார்ச் 8, இரவு 10:30

தம்பி, 25-லிருந்து 52-க்கு வந்தது பெரிய சந்தோஷம். உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஏழு மாத்திரைதான்.

நீங்கள் கேட்கும் இதே கேள்வியை ஆய்வாகவே செய்து பார்த்துவிட்டார்கள். உங்களைப் போல இதயம் விரிந்து, மருந்தால் தேறி, அறிகுறியே இல்லாத 51 பேர். 25 பேருக்கு டாக்டர்களின் நேரடிக் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2018-இல் வந்தது அந்த முடிவு. ஆகவே இதை நாங்கள் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. நோய் அடங்கியிருக்கிறது.

இரண்டு நாளில் வித்தியாசம் தெரியாது. தெரியவில்லை என்பதே ஆபத்து. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது, துடிப்பு எகிறிவிடும். ஏழு என்பது அதிகமாக இருந்தால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். சேர்த்துச் செய்த மாத்திரை உண்டு, நேரத்தை மாற்றலாம், எதனால் தொல்லையோ அதற்கு மாற்று இருக்கும். வறட்டு இருமல் பிரில் வகையால் வரலாம், வேறு வகைக்கு மாற்றுவார்கள். ஸ்பைரோனோலாக்டோனால் ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கலாம், வெட்கப்பட்டுச் சொல்லாமலே நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னால் எப்ளெரினோன் கொடுப்பார்கள். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அதற்கும் எளிய மருந்து இருக்கிறது.

ஒன்றே ஒன்று. வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் வழக்கம்போல எல்லாவற்றையும் விழுங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். அன்றே கூப்பிடுங்கள். சிலதை இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

நடைவண்டி | மார்ச் 8, இரவு 10:58

25-இல் 11. சரி சிஸ்டர். இப்போதே எடுத்துக்கொண்டேன், இன்றைக்கு உரியதை மட்டும். மார்பு வலி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுதான் காரணம், யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளைப்புறா | மார்ச் 8, இரவு 11:03

நாளைக்கே சொல்லுங்கள் தம்பி. இது எங்களுக்கு அன்றாடம் கேட்கிற விஷயம்.

கரையோரம் | மார்ச் 19, காலை 8:10

நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நடக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. முழங்கால் வலி. வீட்டில் பழைய டைக்ளோஃபினாக் இருந்தது. முன்பெல்லாம் அதைத்தான் எடுப்பேன். காலை ஒன்று, இரவு ஒன்று என்று மூன்று நாள் எடுத்தேன். நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: 12-ஆம் தேதி 60.9. 13-ஆம் தேதி 61.6. 14-ஆம் தேதி 62.4. 15-ஆம் தேதி 63.1.

62.4 அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். 63 இன்னும் வரவில்லையே என்று இருந்துவிட்டேன். 15-ஆம் தேதி கட்டைவிரலால் முன்கால் எலும்பின் மேல் அழுத்தி, பத்து எண்ணி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. ஆனால் மூச்சு முட்டவில்லை, படுத்துத்தான் தூங்கினேன். கூப்பிட்டதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, வலிக்கு ஏதாவது மாத்திரை எடுத்தீர்களா என்பதுதான்.

உடனே நிறுத்தச் சொன்னார்கள். அன்றே ரத்தம் எடுத்துக் கிட்னியும் பொட்டாசியமும் பார்த்தார்கள். நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டினார்கள். இன்று 61.0. வீட்டிலிருந்தே சரியாகிவிட்டது.

ஒன்பதாம்படி | மார்ச் 19, காலை 8:42

தங்கச்சி, கண் கலங்கிவிட்டது. நான் முதல் தடவை இதே வலி மாத்திரையால்தான் உள்ளே போனேன். அப்போது எனக்கு எடை பார்க்கச் சொல்ல யாரும் இல்லை.

வெள்ளைப்புறா | மார்ச் 19, பகல் 1:15

எழுதியதற்கு நன்றி. டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கும், கிட்னியைச் சோர்வாக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். பல இடங்களில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைப்பதால் யாரும் இதை மருந்தாகவே நினைப்பதில்லை. மருந்துக் கடையில் எதை வாங்கினாலும், எனக்கு இதயச் செயலிழப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் போதும். ஆனால் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரைகிற வகை வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு மாத்திரையில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும், அதாவது ஒரு கிராம் உப்பு. மூக்கடைப்புக்கு விற்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையும் வேண்டாம்.

இன்னொன்று. எண் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன் என்கிறீர்கள். உங்களுக்குக் கொடுத்த 63 என்பது ஒரு எல்லை. இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ என்பது இன்னொரு எல்லை. எது முதலில் வருகிறதோ அப்போதே கூப்பிடுங்கள்.

தேன்சிட்டு | மார்ச் 19, இரவு 8:05

அக்கா, நடப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அப்பா காலத்தில் இந்த நோய் என்றாலே படுத்துக்கிடக்கச் சொல்வார்களாம். 2009-இல் 2331 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சீரான நோயாளிகளுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது, வாழ்க்கைத் தரமும் கூடுகிறது என்று வந்திருக்கிறது. அப்பா முதல் நாள் ஐந்து நிமிடம் நடந்தார். நான் கூடவே பேசிக்கொண்டு போவேன். பதில் முழு வாக்கியமாக வந்தால் சரியான வேகம். ஒரு ஒரு சொல்லாக வந்தால் நின்றுவிடுவோம். எடை ஏறிய நாளிலும் காய்ச்சல் நாளிலும் நடை கிடையாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சாயங்காலம் ஆனால் அப்பா பேசுவதே இல்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருக்கிறார். மருந்தாலா, நோயாலா, என்னாலா என்று தெரியவில்லை.

ஒன்பதாம்படி | மார்ச் 19, இரவு 9:20

உன்னால் இல்லை அம்மா. அதை முதலில் எடுத்துப் போடு.

எனக்கு இரண்டாம் வருடம் அது வந்தது. எதையும் தொடவே பிடிக்காது. எடை பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மாதம் நோட்டே எழுதவில்லை, மாத்திரையும் ஒழுங்காக எடுக்கவில்லை. அந்த மாதம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த நோயுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் டாக்டரிடம் இதை எடையைச் சொல்வது போலவே சொல். பேப்பர், ஒரே பக்கம், எத்தனை நாளாக, எல்லாம் சொல். பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, இதயத்துக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரையும் இருக்கிறது. நீயாக எதுவும் வாங்கிக் கொடுத்துவிடாதே. நானும் ஒரு மூலிகை வாங்கப் போய், என் மருந்தோடு சேராது என்று கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

இரவில் சரியாகத் தூங்குகிறாரா? நீர் மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறாய்?

தேன்சிட்டு | மார்ச் 19, இரவு 9:34

காலை ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. இரவில் நாலு முறை எழுகிறார் ஐயா.

வெள்ளைப்புறா | மார்ச் 19, இரவு 9:50

அது ஃபுரோசமைட் என்ற நீர் மாத்திரை என்றால் வாயில் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும். மாலை ஆறுக்குக் கொடுத்தால் நள்ளிரவு வரை தூங்கவிடாது. இரண்டாவது மாத்திரையை மதியம் இரண்டு மணிக்கு மாற்றலாமா என்று நாளை கேளுங்கள். தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் ஒரு இரவு கவனியுங்கள். வந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சடைப்பு இந்த நோயாளிகளிடம் அதிகம். இரும்புச்சத்து கடைசியாக எப்போது பார்த்தார்கள்? இவர்களில் பாதிப் பேருக்கு அது குறைவாக இருக்கும், ரத்தசோகை இல்லாவிட்டாலும். அந்தச் சோர்வை மனச்சோர்வு என்று நினைத்துவிடலாம்.

தேன்சிட்டு | மார்ச் 27, மாலை 6:40

மதியம் இரண்டுக்கு மாற்றியாகிவிட்டது. இப்போது இரவில் ஒரே முறைதான் எழுகிறார். மனநலத்துக்கும் ஒருவரைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நேற்று பேப்பரில் ஒரு செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினார்.

கரையோரம் | ஏப்ரல் 14, காலை 7:25

இன்று 60.8. மூன்று வாரமாக 60.6-க்கும் 61.2-க்கும் நடுவிலேயே இருக்கிறது. பீட்டா பிளாக்கரைக் கூட்டியதில் முதல் இரண்டு வாரம் கைகால் ஈயமாகக் கனத்தது, இப்போது பரவாயில்லை. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. நடை இருபது நிமிடம். வீட்டில் எல்லோரும் தேன்சிட்டு சொன்ன உப்புக் கிண்ணத்துக்குப் பழகிவிட்டோம்.

ஜனவரியில் குனிந்து ஷூ நாடா கட்டினால் மூச்சு முட்டும். வயது ஆகிறது, தொப்பை என்று நினைத்து, நாடா இல்லாத செருப்புக்கு மாறிவிட்டேன். குனிந்ததும் அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குவதும் இதன் அறிகுறிதான் என்று போன முறை கிளினிக்கில் சொன்னார்கள். இன்று அந்தப் பழைய ஷூவை எடுத்தேன். ஒரு கால் கட்டினேன், நிமிராமல் அடுத்த காலையும் கட்டினேன்.

வியாழக்கிழமை திரும்பக் கிளினிக். இரும்புச்சத்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும், நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், சிஸ்டர்.